பழைய மவுண்டன் பைக்கில் பாட்டம் பிராக்கெட்டை நாமே மாற்றலாமா?

மிதிக்கும்போது கடகட சத்தம், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) இரண்டு பக்கமும் ஆடுகிறது என்கிறீர்கள். பாட்டம் பிராக்கெட்டின், அதாவது கிராங்க் சுழலும் ஆக்சிலும் (அச்சு) பேரிங்கும் சேர்ந்த பாகத்தின், பேரிங் போய்விட்டது. தாராளமாக வீட்டிலேயே மாற்றலாம்.

90களின் வண்டி என்றால் பெரும்பாலும் சதுர முனை ஆக்சில்தான். கிராங்க் போல்ட்டை எடுத்துவிட்டு கிராங்க் புல்லர் (கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம். புல்லரைக் கையாலேயே கடைசி மரை வரை திருகிவிட்டுப் பிறகு இழுங்கள். அரைகுறையாக மாட்டி இழுத்தால் அலுமினிய மரை உரிந்து கிராங்கே வீணாகும்.

பலர் மாட்டிக்கொள்வது அடுத்த கட்டத்தில், பாட்டம் பிராக்கெட்டை ஃபிரேமிலிருந்து கழற்றும்போதுதான். செயின் பக்கம் இடது மரை. கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். மறுபக்கம் வழக்கம்போல. துருவேறி இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள்.

புதிது வாங்குமுன் இரண்டு அளவு தேவை: பாட்டம் பிராக்கெட் உட்காரும் ஃபிரேம் குழாயின் அகலம் (68 அல்லது 73 மி.மீ.), ஆக்சில் நீளம் (110, 113, 118, 122.5 மி.மீ. என வரும்). பழையதன் உடம்பிலேயே பெரும்பாலும் பொறித்திருக்கும். ஆக்சில் குட்டையானால் செயின்ரிங் (செயின் ஓடும் முன்பக்கப் பல்சக்கரம்) ஃபிரேமில் உரசும்.

மாட்டும்போது ஃபிரேம் மரையைத் துடைத்து கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே போடுங்கள். கையால் போகாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள்.