லேசர் செய்தால் கண்ணை வெளியே எடுப்பார்களா?

கேள்வி: எனக்கு 23 வயது. கடையம் பக்கம். இரண்டு கண்ணிலும் மைனஸ் 5 பவர். இரண்டு வருடமாக மாறவில்லை. ஆவணியில் கல்யாணம். அதற்குள் லேசர் செய்து கண்ணாடியை விட்டுவிட ஆசை. கண்ணை வெளியே எடுத்துத்தான் செய்வார்கள் என்கிறார் அத்தை. நடுவில் கண் அசைந்துவிட்டால் என்ன ஆகும்? அம்மாவோடு பீடி சுற்றுகிறேன். எத்தனை நாள் உட்காரக் கூடாது?

பதில்: கண் இருந்த இடத்திலேயேதான் இருக்கும், அத்தையிடம் சொல்லுங்கள். லேசர் படுவது முன்னால் வாட்ச் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியாவில் மட்டும். அதன் வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கினால் மைனஸ் பவர் குறையும்.

ஊசி கிடையாது, சொட்டு மருந்திலேயே கண் மரத்துப்போகும். இமை மூடாமலிருக்க ஒரு கிளிப். பிறகு ஒரு வளையம் கண்ணை அழுத்திப் பிடிக்கும், சில நொடி பார்வை மங்கும். பலர் பயப்படுவது இந்த இடத்தில்தான். அப்போது கார்னியாவின் மேல்பகுதியை மெல்லிய ஏடாகச் சீவி, ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி புரட்டுவார்கள். அடியில் லேசர் ஓடுவது ஒரு நிமிடம்கூட இருக்காது. முடி பொசுங்குகிற வாடை வரும். ஆனால் எதுவும் எரியவில்லை. இந்தப் புறஊதா லேசர் சூட்டால் சுடுவதில்லை, திசுவின் பிணைப்புகளை உடைத்து ஆவியாக்குகிறது. திசுவை இப்படி இழைக்க முடியும் என்று 1981-ல் கண்டவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். முதலில் சோதித்தது வான்கோழி இறைச்சியில்!

கண் அசைந்தால் கருவி கூடவே நகரும். ரொம்ப விலகினால் லேசர் தானாக நின்றுவிடும். முடிந்ததும் ஏட்டை மூடிவிடுவார்கள், தையல் இல்லை. இரண்டு கண்ணுக்கும் அரை மணி நேரம் போதும்.

என் கவலை அதற்கு முந்தைய பரிசோதனையைப் பற்றியது. கார்னியாவின் தடிமன் 520 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொள்வோம். ஏட்டுக்கு 110. ஒரு பவருக்குச் சுமார் 15 வீதம் ஐந்துக்கு 75. மிச்சம் 335. இது 300-க்குக் கீழே போவதை நான் விரும்புவதில்லை. பின்னாளில் கார்னியா பிதுங்கலாம். கார்னியா மெலிந்திருந்தாலோ, ஸ்கேனில் கூம்பு மாதிரி தெரிந்தாலோ, "வேண்டாம்" என்று சொல்கிற டாக்டரை நம்புங்கள். கர்ப்ப காலத்திலும் செய்வதில்லை.

சரி, கல்யாணம். இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். கண் உலர்வதும், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் கொஞ்ச காலம் இருக்கும். மணவறைப் புகை அதோடு சேர வேண்டாம். முதல் வாரம் தலைக்குக் குளியல் இல்லை. கண் மை இரண்டு வாரத்துக்கு வேண்டாம். சாரல் அடிக்கிறதே என்று குற்றாலத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள், அருவியும் ஆறும் ஒரு மாதம் கழித்துத்தான்.

பீடித் தூள்தான் எனக்குப் பயம். கண் அரிக்கும், கை தானாகப் போய்க் கசக்கும், ஏடு நகர்ந்துவிடும். ஒரு மாதம் அந்தப் பக்கமே உட்கார வேண்டாம். அப்புறம் சுற்றும்போது பவர் இல்லாத கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அத்தை சிரிப்பார், பரவாயில்லை.