பின்சக்கரத்துக்கு டிஸ்க்கா, ரிம்மா? (மலேசியா சைக்கிள் கேள்வி-பதில்)

கேள்வி: அண்ணே, நாங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். மகனுக்கு 16 வயசு. கல்லு, கட்டைன்னு குதிச்சு ஏறறதுக்குன்னு விக்கற, சீட்டே இல்லாத அந்த டிரையல்ஸ் சைக்கிள்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு பார்த்து வச்சிருக்கான், ரெண்டுமே 20 இஞ்ச். ஒண்ணு 1,700 வெள்ளி (ரிங்கிட்), பின்னாடி ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யற) ரிம் பிரேக், முன்னாடி டிஸ்க். இன்னொண்ணு 2,300, ரெண்டு பக்கமும் டிஸ்க். டிஸ்க்தான் லேட்டஸ்ட்டுங்கறான் பையன், 600 வெள்ளி எதுக்குக் கூடங்கறாரு அவங்கப்பா. எதை எடுக்கறது?

பதில்: தங்கச்சி, அந்த சைக்கிளே ஒத்தச் சக்கரத்துல நிக்கறதுக்குத்தான் செஞ்சது, அதனால பையனைத் திட்டாதீங்க.

ரோட்டு சைக்கிள்ல பிரேக்குங்கறது வேகத்தைக் குறைக்க. டிரையல்ஸ்ல அந்த வேலையே கிடையாது. பின்சக்கரத்தை அப்படியே பூட்டிப்போட்ட மாதிரி பிடிச்சுக்கிட்டு, ஆள் மொத்த வெயிட்டையும் அதுமேல ஏத்தி குதிக்கணும், அந்த நேரத்துல சக்கரம் ரெண்டு விரக்கடை பின்னாடி உருண்டாலும் பையன் முதுகு அடிபட விழுவான். அதனால நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், பின்னாடி எது வழுக்காம பிடிக்கும், வழுக்க ஆரம்பிச்சா எதை நம்ம ஊர்லயே சரி பண்ண முடியும்.

ரிம் பிரேக் சக்கரத்தோட வெளி ஓரத்து வளையத்துல (அதான் ரிம்) பிடிக்குது, டிஸ்க் பிரேக் சக்கரத்து நடுவுல பூட்டின உலோகத் தட்டுல பிடிக்குது. 20 இஞ்ச் டிரையல்ஸ் சைக்கிள்ல பின்சக்கரம் பெரும்பாலும் 19 இஞ்ச்னு சொல்ற சைஸ்தான் (டயர் வாங்கறப்ப இது ஞாபகம் இருக்கட்டும், சாதா 20 இஞ்ச் டயர் ஏறாது), சக்கரத்து நடுவுலேர்ந்து ரிம் சுமார் 19 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். 160 மில்லிமீட்டர் குறுக்களவு டிஸ்க்னா நடுவுலேர்ந்து 8 சென்டிமீட்டர்கூட வராது. கிணத்து ராட்டினத்தை அச்சுக்கிட்ட பிடிச்சு நிறுத்தறதுக்கும் விளிம்புல பிடிச்சு நிறுத்தறதுக்கும் உள்ள வித்தியாசம்தான், டிஸ்க்குக்கு அந்தளவுக்கு அதிக அழுத்தம் வேணும். அதோட டிஸ்க் பிடிக்கற பிடி ஹப் (சக்கரத்து நடு உருளை) வழியா கம்பி வழியா ரிம்முக்குப் போகுது, நடுவுல கொஞ்சம் முறுக்கிக்கும். டிஸ்க்கைக் கவ்வற கேலிப்பருக்குள்ள பேடும் (உரசிப் பிடிக்கற கட்டை) ஒரு நூல் அளவு ஆடும், லிவரை அமுக்கிட்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க, 'டக் டக்'னு கையில தெரியும். நல்லா டியூன் பண்ண டிஸ்க்கும் பிரமாதமா பிடிக்கும், இல்லைன்னு சொல்லல, போட்டியில பின்னாடியும் டிஸ்க் போட்டு ஓட்டறவங்க உண்டு, 24 இஞ்ச் ஸ்ட்ரீட் சைக்கிள்ல டிஸ்க் சாதாரணம். இன்னொரு நியாயமும் அது பக்கம் இருக்கு, கல்லுல இடிச்சு ரிம் நெளிஞ்சா ரிம் பிரேக் உடனே தகராறு பண்ணும், டிஸ்க்குக்கு அதைப் பத்திக் கவலையே இல்ல.

ஆனா உங்க பையன் எங்க ஓட்டப் போறான்? செம்பனைக்கு நடுவுல செம்மண் பாதையில, கால்வாய்க் கட்டையில, பழைய ஸ்டோர் படிக்கட்டுல. டிஸ்க்குக்கு எமன் எண்ணெய். என் கதையையே சொல்றேன். சங்கிலிக்கு ஸ்பிரே அடிச்சேன், அவசரத்துல டிஸ்க்கை மூட மறந்துட்டேன், பொடிப்பொடியா நாலு துளிதான் பட்டிருக்கும். மறுநாள் லிவரை அமுக்கினா மாடு கத்தற மாதிரி ஒரு சத்தம், பிடி சுத்தமா இல்ல. டிஸ்க்கை பார்மசியில விக்கற ஆல்கஹால் போட்டு துடைச்சேன், பேடை மணல்தாள்ல தேச்சேன், ம்ஹூம், கடைசியில பேடைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்க ஈப்போவுக்குப் போனேன். அங்கயும் ஸ்டாக் இல்ல, ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி வர்ற வரைக்கும் சைக்கிள் சுவத்துல சாஞ்சு நின்னுச்சு.

ரிம் பிரேக்ல பிடி குறைஞ்சா வேண்டியது ஒரு கிரைண்டர், மாவு அரைக்கறது இல்ல, இரும்பு வெட்டறது. தோட்டத்துல யார் வீட்டுலயாவது இருக்கும். டயரை துணியால சுத்தி மூடிட்டு, மெலிசான வெட்டுத்தட்டை லேசா தொட்டு தொட்டு எடுத்து, ரிம் பக்கச்சுவர்ல சாய்வா கோடு கோடா சொரசொரப்பு போடணும். அழுத்தக் கூடாது, கைவிரல்ல தடவினா பூனை நாக்கு மாதிரி இருந்தா போதும். கண்ணாடி போடாம செய்யாதீங்க. அதுக்கப்புறம் அந்த சொரசொரப்புக்குன்னு விக்கற கெட்டி பேடைப் போட்டா மழையிலயும் கடிச்சுப் பிடிக்கும். சத்தம் மட்டும் வரும், அக்கம் பக்கம் பழகிக்கும்லா.

அதனால என் ஓட்டு 1,700 வெள்ளி சைக்கிளுக்கு. ஆனா கண்ணை மூடிட்டு எடுக்காதீங்க. கிரைண்டர் போடப் போட ரிம் மெலிசாயிடும், காசு ஓரத்தை ரிம் பக்கத்துல நிக்க வச்சுப் பாருங்க, நடுவுல இடைவெளி தெரிஞ்சா ரிம் உள்வாங்கிடுச்சுன்னு அர்த்தம், வேண்டாம், இல்லேன்னா புது ரிம்முக்கு காசு கழிச்சுக்கிட்டு குடுக்கச் சொல்லுங்க. பிரேக் மாட்டற இடத்துல சட்டத்துல பக்கத்துக்கு ரெண்டா நாலு போல்ட் ஓட்டை இருந்தா நல்லது, அது அசையாது. அந்த இடத்துல பெயின்ட் முடி மாதிரி கீறியிருந்தா சட்டமே வெடிச்சிருக்கலாம், ஓடிருங்க. மிச்சமாகற 600-ல ஹெல்மெட்டும் முழங்கால்லேர்ந்து கணுக்கால் வரைக்கும் மூடற கார்டும் வாங்குங்க, பெடல் பல்லு கெண்டைக்கால்ல கிழிச்சா தையல்தான்.

அப்புறம் எண்ணெய் விஷயம். பிரேக் கம்பெனிக்கு கம்பெனி எண்ணெய் மாறும், மகுரா ரிம் பிரேக்குக்கு மினரல் ஆயில், ஹோப் டிஸ்க்குக்கு டாட் 5.1ங்கற வேற வகை, ஷிமானோ டிஸ்க்குக்கு மறுபடி மினரல். மோட்டோ கடையில இருக்கற பிரேக் ஆயில் டாட் வகை, அதை மினரல் பிரேக்ல ஊத்தினா உள்ள ரப்பர் சீல் கெட்டுப் போயிடும். கடைக்கார தவுக்கே 'எல்லாம் சேம்லா'ம்பாரு, கேக்காதீங்க.

கேள்வி: ரிம்ல தார் தேய்ச்சா நல்லா பிடிக்குமாமே?

பதில்: பிடிக்கும். வழுவழு ரிம்ல துளி தார் தடவி ஓட்டறது பழைய வித்தை. ஆனா நல்ல மழை பெஞ்சா பிடி போயிடும். நம்ம ஊர்ல மத்தியானத்துக்கு மேல மழை வராத நாள் எத்தனை? கிரைண்டரே மேல்.

கேள்வி: கடையில புது பிரேக் வாங்கினேன், ரெண்டாவது வாரமே லிவர்ல எண்ணெய் கசியுது. 'நீங்க பூட்டினது சரியில்ல'ன்னு காசு தர மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?

பதில்: கசியற இடத்தை வீடியோ எடுங்க, ரசீதை பத்திரப்படுத்துங்க, மாத்திக் குடுக்கச் சொல்லி எழுத்துல கேளுங்க, வாட்ஸ்அப்னாலும் சரி. மசியலேன்னா பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றம் இருக்கு, 1999-ம் வருஷத்து பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல வந்தது. போராங் 1 (விண்ணப்பப் பாரம்) நிரப்பி 5 வெள்ளி கட்டினா போதும், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் தேவையில்ல, 3 வருஷத்துக்குள்ள போகணும். ஆனா இது வியாபாரம் பண்றவங்க மேல போடற கேஸ். மேல கேட்ட தங்கச்சி மாதிரி, கடை வச்சிருக்காத யாரோ ஒருத்தர்கிட்டேர்ந்து நீங்க செகண்ட் ஹேண்ட் வாங்கினா அங்க போய் நிக்க முடியாது, காசு குடுக்கறதுக்கு முன்னாடியே லிவரை அமுக்கிப் பிடிச்சுட்டு ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க, கொஞ்சம் கொஞ்சமா கைப்பிடிப் பக்கம் இறங்கினா எங்கயோ கசியுது.