சத்தம் காணும், சொல்தான் விளங்கவில்லை: வழிபாட்டிட ஒலி அமைப்பு, கேள்வி பதில்

கொழும்பில் கோவில், தேவாலயம், பள்ளிவாசல் என்று ஒலிபெருக்கி பூட்டுவதுதான் என் தொழில். வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

கொட்டாஞ்சேனை: அண்ணா, எங்களுடையது பழைய தேவாலயம். உயரமான கூரை, தடித்த சுவர், சீமெந்துத் தரை. முன்னுக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர் இருக்கிறது. பின் வாங்குகளில் பிரசங்கம் விளங்குவதில்லை. பெரிய அம்பிளிபயர் வாங்கலாமா?

வாங்காதீர்கள் தம்பி. காசும் போகும், விளக்கமும் குறையும். ஆட்கள் இல்லாத நேரம் நடுவில் நின்று ஒருதரம் பலமாகக் கைதட்டி, அந்த ஒலி அடங்க எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பாருங்கள். பேச்சுக்கு ஒரு செக்கன் அளவு என்றால் நல்லது. நீங்கள் சொல்லும் மாதிரிக் கட்டடங்களில் மூன்று, நாலு செக்கன்கூட நிற்கும். நிதானமாகக் கதைப்பவரே செக்கனுக்கு நாலு அசை சொல்வார். அப்படியென்றால் ஓர் அசை அடங்குவதற்குள் பத்துக்கு மேற்பட்ட அசைகள் அதன் மேல் ஏறிவிடும். அம்பிளிபயரைக் கூட்டினால் ஃபாதரின் குரலும் கூடும், எதிரொலியும் அதே அளவு கூடும்.

செய்ய வேண்டியது, ஸ்பீக்கரை ஆட்களுக்குக் கிட்டக் கொண்டுபோவது. இரு பக்கத் தூண்களிலும் ஒடுங்கிய கொலம் ஸ்பீக்கர்களைப் பூட்டி, வாங்குகளைப் பார்க்கச் சற்றுக் கீழே சரித்துவிடுங்கள். இவை ஒலியைப் பக்கவாட்டில் விரிக்கும், மேலே கீழே அவ்வளவாக அனுப்பாது. கூரைக்குப் போகாத ஒலி திரும்பி வரவும் போவதில்லை. தூரம் பாதியானால் நேரே வரும் ஒலி 6 டெசிபல் கூடும், ஆகவே ஒவ்வொன்றையும் மெல்லிய சத்தத்திலேயே வைக்கலாம்.

பின் ஸ்பீக்கர்களுக்கு டிலே கொடுக்க, அதாவது முன் ஒலி வந்து சேரும் வரை அவற்றின் ஒலியைச் சற்றுத் தாமதிக்க மறக்க வேண்டாம். கொழும்பு வெக்கையில் ஒலி செக்கனுக்குக் கிட்டத்தட்ட 350 மீற்றர் போகும். முன் ஸ்பீக்கரில் இருந்து 14 மீற்றர் பின்னால் என்றால் 40 மில்லிசெக்கன். அதோடு இன்னொரு 10, 15 சேர்த்துவிட்டால், பக்கத்துத் தூணில் இருந்து வரும் குரலும் பீடத்தில் இருந்து வருவதாகவே காதுக்குப் படும்.

கொச்சிக்கடை: எங்கள் கோவில் மண்டபம் முழுக்கக் கருங்கல். திரை, கம்பளம் ஒன்றும் போட முடியாது. திருவிழாவில் மட்டும் ஒலி நன்றாக இருக்கிறதே, ஏன்?

ஆட்கள்தான் காரணம். கல் ஒலியை உறிஞ்சாது. உடம்பும் உடுப்பும் உறிஞ்சும். 1895 அளவில் ஹார்வர்டில் சபைன் என்ற பௌதிகப் பேராசிரியர், விரிவுரை மண்டபம் ஒன்றுக்குள் நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி இதை அளந்திருக்கிறார். ஆகவே வெறும் மண்டபத்தில் மிக்ஸரைச் சரிசெய்துவிட்டுப் போகாதீர்கள், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மண்டபத்துக்குள் மைக் வைப்பது எனக்கு இன்னும் விளங்காத பழக்கம். தேவாரத்துக்குக் கல்லின் கார்வை அழகு, அதைக் கெடுக்க வேண்டாம். சொற்பொழிவுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

வெள்ளவத்தை: குருக்கள் கொலர் மைக்கோடு நடந்தால் கூவென்று கூவுகிறது. மற்ற நேரம் உம்மென்று ஓர் இரைச்சல்.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

கூவுவதற்கு: மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவாருங்கள், கன்னத்தோடு நிற்கும் ஹெட்செட் மைக் என்றால் நல்லது. பேசாத மைக்குகளை நிறுத்துங்கள். திறந்திருக்கும் மைக் இரு மடங்கானால், கூவாமல் கூட்டக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். பேச்சு மைக்கில் 100 ஹேட்ஸுக்குக் கீழான அடித்தொனியை வெட்டிவிடுங்கள். அப்புறம், மிக்ஸரில் எக்கோவைப் போட்டு வைத்திருக்கிறீர்களா? பாதிக் கோவில்களில் போட்டுத்தான் இருக்கிறது. கல் மண்டபத்துக்கு எக்கோ எதற்கு?

இரைச்சலுக்கு: நம்முடைய மின்சாரம் 50 ஹேட்ஸ், அதுதான் வயரில் ஏறுகிறது. மிக்ஸருக்கும் அம்பிளிபயருக்கும் ஒரே பிளக் பொயின்டில் இருந்து மின்சாரம் எடுங்கள், பேலன்ஸ்ட் வயர் (வெளி இரைச்சலைத் தானே கழிக்கும் இரட்டைக் கம்பி வயர்) போடுங்கள். யாராவது எர்த் வயரைக் கழற்றச் சொன்னால் கேட்காதீர்கள், ஆளைக் கொல்லும் வேலை அது. கடற்காற்றில் இணைப்பிகளில் களிம்பு பிடிக்கும், அதையும் பாருங்கள்.

பம்பலப்பிட்டி: வெளியே கட்டிய ஹோர்ன் பற்றி அயலவர்கள் முறைப்பாடு செய்கிறார்கள்.

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. விசேட விழாக்களுக்கு மட்டும் தனியாகக் கேட்கலாம். பகலிலும் ஹோர்னை வீதிக்கல்லாமல் வாசலுக்குத் திருப்பிக் கீழே சரியுங்கள்.

மருதானை: பள்ளிவாசலில் கம்பளம் இருக்கிறது. கீழே குத்பா பரவாயில்லை, பெண்கள் தொழும் மேல்மாடியில் ஒன்றும் விளங்கவில்லை.

கம்பளம் உயர்ந்த சுருதிகளை மட்டும்தான் உறிஞ்சும், அடித்தொனி அப்படியே நிற்கும். அதனால்தான் மேலே முழக்கமாகக் கேட்கிறது. கீழே கூட்டிச் சரிவராது. மாடியில் நாலைந்து சிறிய ஸ்பீக்கர்களை 100 வோல்ட் லைனில் (ஒரே வயரில் பல ஸ்பீக்கர்களைக் கோர்க்கும் முறை) பூட்டி, தனி வொலியூம் திருகி வையுங்கள். அதை மேலே இருப்பவர்களே திருப்பட்டும். எல்லா ஸ்பீக்கரின் வாட்டையும் கூட்டிப் பாருங்கள், அம்பிளிபயரின் வாட்டில் முக்கால்வாசிக்கு மேல் போகாமல் இருந்தால் சரி.