மலிவாக வரும் ஆர்எக்ஸ்-8: மஸ்டாவை நம்பி இறங்கலாமா?

வாசகர் கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது 24. 2005 ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று, ஆறு கியர் மனுவல், 1,18,000 கிலோமீற்றர் ஓடியது, நல்ல மலிவாக வந்திருக்கிறது. குளிரிலும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும் என்கிறார் விற்பவர். அப்பாவோ, "மஸ்டா வாங்கு, அந்த எஞ்சின் மட்டும் வேண்டாம்" என்கிறார். வேலைக்குப் போய்வர எனக்கு இது ஒன்றுதான் காராக இருக்கும். வாங்கலாமா? இந்தக் கம்பனிக்கு மட்டும் ஏன் இவ்வளவு விசரர்கள்?

பதில்: தம்பி, வேலைக்குப் போய்வர ஒரே கார் என்றால் வேண்டாம். வீட்டில் இன்னொரு கார் நிற்கிறது, எஞ்சின் போனால் மாற்றக் காசும் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்றால், கொம்பிரஷன் (எஞ்சின் காற்றை எவ்வளவு அழுத்தத்துக்கு நெருக்குகிறது என்பது) பார்த்த பிறகு வாங்கலாம். ஆக, அப்பா முக்கால்வாசி சரி. மீதிக் கால் ஏன் உங்கள் பக்கம் என்று சொல்லக் கொஞ்சம் நீட்டிக் கதைக்க வேண்டும். அப்பா வேண்டாம் என்கிற அந்த ரோட்டரி எஞ்சினைக் கழித்துவிட்டால் மஸ்டாவின் கதையில் பாதி காணாமல் போய்விடும்.

மஸ்டா கார் செய்யப் பிறந்த கம்பனி இல்லை. 1920 இல் ஹிரோஷிமாவில் தக்கை செய்யத் தொடங்கிய தொழிற்சாலை அது. அடுத்த வருடம் ஜூஜிரோ மட்சுடா பொறுப்பெடுத்தார். தக்கையை விட்டு இயந்திரங்களுக்குப் போனார்கள். 1931 இல் மூன்று சில்லுச் சரக்கு வண்டி ஒன்றைச் செய்தார்கள். மஸ்டா என்ற பெயர் அப்போது வந்தது. பாரசீகத்தின் அகுர மஸ்டா என்ற தெய்வத்தின் பெயர் என்பது கம்பனி சொல்லும் விளக்கம். ஜப்பானியர் வாயில் அது இன்றைக்கும் "மட்சுடா" என்றுதான் வரும். தெய்வத்தின் பெயரும் முதலாளியின் பெயரும் இப்படி ஒத்துப்போனது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

1945 ஆகஸ்ட் 6, ஜூஜிரோவின் பிறந்தநாள், 70 வயது. காலையில் நகரத்துக்குள் முடி வெட்டப் போனவர், வேலை முடிந்து காரில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் குண்டு விழுந்தது. அவர் தப்பினார், ஆனால் ஒரு மகனைப் பறிகொடுத்தார். தொழிற்சாலை குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தள்ளி, நடுவே ஹிஜியாமா என்ற சிறு குன்று நின்றதால் பெரிய சேதமில்லாமல் நின்றது. மாகாண நிர்வாகத்துக்கு இருக்க இடமில்லை. தலைமைக் கட்டடத்தின் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்தார்கள். அந்த வருடம் டிசம்பரிலேயே மூன்று சில்லு வண்டி மறுபடி வெளியே வந்தது. சாம்பல் மேட்டில் சாமான் சுமக்க வேறென்ன இருந்தது?

இனி எஞ்சினுக்கு வருகிறேன். 1960 களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு கார்க் கம்பனிகளை இரண்டு மூன்று குழுக்களாகச் சேர்த்துவிட நினைத்தது. டொயோட்டாவும் நிஸ்ஸானும் பிழைத்துக்கொள்ளும். ஹிரோஷிமாக்காரனை யாராவது விழுங்கிவிடுவார்கள். மற்றவனிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருந்தால்தான் தனியாக நிற்கலாம் என்று ஜூஜிரோவின் மகன் சுனேஜி கணக்குப் போட்டார். 1961 இல் ஜெர்மனியின் என்எஸ்யு கம்பனியிடம் காசு கட்டி வான்கெல் ரோட்டரி எஞ்சினுக்கு உரிமம் வாங்கினார்.

அது என்ன எஞ்சின் என்று கேட்டால் ஆட்டுக்கல்லைச் சொல்வேன். ஊரில் அம்மம்மா உழுந்து அரைக்கும்போது குழவி தானும் சுழன்றுகொண்டு குழியின் விளிம்போடும் சுற்றி வருமே, கிட்டத்தட்ட அதுதான். குழவிக்குப் பதில் முக்கோண ரோட்டர், குழிக்குப் பதில் நடுவில் லேசாக இடுங்கிய நீள்வட்ட அறை. மேலும் கீழும் அடிக்கிற பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் காற்றை இழுத்து, நெருக்கி, எரித்து, வெளியே தள்ளும். மூன்று பக்கத்திலும் இந்த வேலை ஒரே நேரத்தில் நடப்பதால்தான் அது அதிராமல், தையல் மெஷின் போல ஓடுகிறது.

சிக்கல் முனையில் இருந்தது. முக்கோணத்தின் மூன்று முனையிலும் சுவரைத் தொட்டபடி ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டி இருக்கும். ஜெர்மனியிலிருந்து வந்த மாதிரியை ஓட்டிவிட்டுத் திறந்து பார்த்தால், அறையின் உட்சுவர் முழுக்க அலை அலையாகக் கீறல். "பேயின் நகக்கீறல்" என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ என்ற பொறியாளரின் தலைமையில் 47 பேர் அதோடு மல்லுக்கட்டினார்கள். 47 என்பது ஜப்பானில், எசமானுக்காக உயிரைக் கொடுத்த 47 சாமுராய்களின் எண்ணிக்கை. அந்தப் பெயரும் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் கைகொடுத்தது. 1967 இல் கொஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. மொத்தமாகச் செய்தது 1,176 தான். அதே வருடம் ரோட்டரியோடு தன் காரை இறக்கிய என்எஸ்யுவுக்கு சீல் தேய்ந்து தேய்ந்தே கதை முடிந்தது. 1969 இல் அது வோக்ஸ்வாகனின் கைக்குள் போனது. கண்டுபிடித்த வீடு விழ, உரிமம் வாங்கியவன் நின்றான்.

நின்றவனையும் 1973 எண்ணெய் நெருக்கடி உலுக்கியது. ரோட்டரிக்குத் தாகம் அதிகம், அமெரிக்காவில் விற்பனை படுத்தது. சுமிட்டோமோ வங்கி வந்து தூக்கிவிட்டது. தொழிற்சாலைப் பணியாளர்களைக் கார் விற்கக் கடைகளுக்கு அனுப்பினார்கள். புத்தியுள்ள கம்பனி அத்தோடு அந்த எஞ்சினைக் குப்பையில் போட்டிருக்கும். இவர்கள் 1978 இல் ஆர்எக்ஸ்-7 ஐக் கொண்டுவந்தார்கள். 1991 இல் பிரான்ஸின் லு மான் 24 மணி நேரக் கார் ஓட்டத்தில் ஆரஞ்சும் பச்சையுமாய் 55 ஆம் இலக்க 787பி, நான்கு ரோட்டரோடு முதலாவதாக வந்தது. அங்கே வென்ற முதல் ஜப்பானியக் கம்பனி மஸ்டாதான். பிஸ்டன் இல்லாத எஞ்சினோடு அங்கே வென்ற கார் இன்றுவரை வேறு இல்லை.

விசரர்கள் ஏன் என்று கேட்டீர்கள், இதுதான் காரணம். டொயோட்டாவை மக்கள் நம்புகிறார்கள். மஸ்டாவோடு ஒரு பிடிவாதத்தைப் பங்குபோடுகிறார்கள். அந்தப் பிடிவாதத்தின் பராமரிப்புச் செலவும் சேர்ந்துதான் கைக்கு வரும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார்.

உங்கள் கார் 2003 இல் வந்த வரிசை. இரண்டு ரோட்டர், மொத்தம் 1308 சிசி, மனுவலில் எஞ்சின் நிமிடத்துக்கு 9000 சுற்று வரை ஏறும். எஞ்சின் சின்னது என்பதால் முன் அச்சுக்குப் பின்னாலேயே தள்ளி வைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் எடை கிட்டத்தட்டப் பாதி பாதி. வளைவில் அது திரும்பும் வடிவைச் சொல்லி விளங்க வைக்க முடியாது. பின்கதவு அலுமாரி மாதிரி எதிர்ப்பக்கம் திறக்கும், நடுவில் தூணே இல்லை.

சரி, வடிவைப் பார்த்தாயிற்று, வயிற்றைப் பார்ப்போம். அளவில் 1.3 லீற்றர்தான், ஆனால் நகர ஓட்டத்தில் 100 கிலோமீற்றருக்கு 14, 15 லீற்றர் குடிக்கும், அதுவும் பிரீமியம் பெற்றோல். ஒயிலும் குடிக்கும். அது பழுதில்லை, சீல் வரளாமல் இருக்க ஒரு சின்னப் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்குள் ஒயிலை விடும்படிதான் செய்திருக்கிறார்கள். இரண்டு தரம் டாங்க் நிரப்பினால் ஒரு தரம் ஒயில் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். காரைப் பார்க்கப் போகும்போது டிக்கியைத் திறந்து பாருங்கள். அரைப் போத்தல் ஒயிலாவது அங்கே கிடக்காவிட்டால், விற்பவருக்குத் தன் காரைத் தெரியாது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ஊர்க் குளிருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. சனிக்கிழமை காலை, இரவு கொட்டிய பனியை வாசலில் அள்ள வேண்டும். காரை ஸ்டார்ட் செய்து பத்தடி பின்னால் எடுத்து, நிறுத்தி, சாவியைக் கழற்றுகிறீர்கள். பனி அள்ளி முடித்து வந்து திருப்பினால், கிர்ர் கிர்ர் என்று சுற்றும், பற்றாது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்பியூட்டர் பெற்றோலை அள்ளி ஊற்றும். சூடாகுமுன் நிறுத்தினால் எரியாத பெற்றோல் சுவரில் இருந்த ஒயிலைக் கழுவிவிடும், பிளக்கும் நனையும். சீல் ஒட்டாது, கொம்பிரஷன் வராது. அப்போது அக்சிலரேட்டரை அடிமட்டும் மிதித்தபடி சில விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெற்றோல் வருவது நிற்கும், உள்ளே காயும். அதற்குப் பற்றரி பலமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு வருடக் கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் கொஞ்சம் சோனி, பிறகு பலமானதை மாற்றிக் கொடுத்தார்கள். உங்களுடையதில் மாற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் வழி ஒன்றுதான்: ஸ்டார்ட் செய்தால் வெப்பமுள் நடுவுக்கு வரும்வரை நிறுத்தாதீர்கள், பத்தடிக்கு எடுத்தாலும் சரி.

"குளிரிலும் ஒரே திருப்பில்" என்று விற்பவர் சொன்னதை மறந்துவிடுங்கள். ரோட்டரி தேய்ந்திருப்பது சூட்டில்தான் தெரியும். அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள். நிறுத்தி, ஒரு கோப்பி குடிக்கும் நேரம் விட்டு, மறுபடி திருப்புங்கள். உடனே பற்றினால் நம்பிக்கை வைக்கலாம். நாலைந்து விநாடி இழுத்து இழுத்துப் பற்றினால், வடிவான கதவுக்கு மட்டும்தான் காசு கொடுக்கிறீர்கள்.

அது தேறினால் கொம்பிரஷன் பாருங்கள், ஆனால் ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால். பிஸ்டன் எஞ்சினுக்கு வைத்திருக்கும் சாதாரண கேஜ், ரோட்டரின் மூன்று பக்கத்தில் எது கூடவோ அதை மட்டும் பிடித்துக் காட்டும். இரண்டு பக்கம் நல்லது, ஒன்று செத்தது என்றாலும் அது நல்ல எண்ணைத்தான் சொல்லும். ஒரு கராஜில் இப்படி "நூற்றுக்கு நூறு" என்று எழுதிக் கொடுத்த தாளோடு என்னிடம் ஒருவர் வந்தார். சரியான கருவியைப் போட்டபோது பின் ரோட்டரில் ஒரு பக்கம் தரையில் கிடந்தது. சரியான சோதனை ஒரு ரோட்டருக்கு மூன்றாக ஆறு எண் தரும். நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்துக்குச் சரிக்கட்டிய பிறகு, புதிய எஞ்சினுக்கு மஸ்டா சொல்வது 830 கிலோபாஸ்கல்; 680 க்குக் கீழே போனால் எஞ்சின் முடிந்தது. ஒரே ரோட்டரின் பக்கங்களுக்குள் 150 க்கு மேலோ, இரண்டு ரோட்டருக்கும் இடையில் 100 க்கு மேலோ வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒன்ராறியோவில் விற்பவர் கொடுக்கும் சேஃப்டி சான்றிதழ் பிரேக், ரயர், லைட் பற்றியது. எஞ்சினுக்குள் இருப்பதை அது பார்ப்பதில்லை.

பிளக்குக்குப் பொறி கொடுக்கும் நான்கு இக்னிஷன் கொயிலும் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். அவை பலவீனமானால் எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிட்டிக் கொன்வேட்டரை அடைக்கும். அடைத்த சூடு திரும்பி சீலைத் தின்னும். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையான கார்களுக்கு எஞ்சின் உத்தரவாதத்தை எட்டு வருடம், ஒரு லட்சம் மைல் என்று மஸ்டாவே நீட்டியது என்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது. 2009 முதல் வந்த கார்களில் ஒயில் விடும் முறையைத் திருத்தினார்கள். இந்த வரிசையில்தான் வேண்டும் என்று நின்றால் அவற்றில் தேடுங்கள், விலை கூடத்தான்.

தினமும் ஓட்ட மஸ்டாவே வேண்டும் என்றால், 2014 இலிருந்து வந்த மஸ்டா3 ஐப் பாருங்கள். ஃபோர்டோடு பல வருடம் பங்காளியாக இருந்து, அந்தப் பிடி தளர்ந்த பிறகு, தாங்களாகவே புதிதாக வரைந்த எஞ்சின் அதில். 2011 இல் ஜப்பானில் முதலில் வந்தபோது பெற்றோல் எஞ்சினுக்குள் காற்றை 14 பங்கிலிருந்து 1 பங்காக நெருக்கினார்கள், மற்றவர்கள் 10, 11 இல் நின்ற காலம். பழைய பிடிவாதம்தான், ஆனால் ஒயில் குடிக்காத பிடிவாதம். 2004 முதல் 2009 வரையான மஸ்டா3 மலிவாக வந்தால் முதலில் பின்சில்லுக்கு மேலே விரலை விட்டுத் தடவுங்கள், இங்கத்தைய உப்பு அந்த வளைவைத்தான் முதலில் தின்னும். கோடைக்கு மட்டும் ஒன்று வேண்டும், வளைவில் சிரிக்க வேண்டும் என்றால் எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1989 இல் வந்து, 2016 இல் பத்து லட்சத்தைத் தாண்டிய இரண்டு இருக்கைக் கார். ஆர்எக்ஸ்-8 இல் உங்களுக்குப் பிடித்ததில் முக்கால் பங்கு அதில் கிடைக்கும், சாதாரண பிஸ்டன் எஞ்சினோடு.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் அந்தக் காரிலேயே நிற்கிறது என்றால் (எனக்கு உங்கள் வயதில் நின்றிருக்கும்), சோதனைச் செலவை நீங்களே ஏற்பதாக விற்பவரிடம் சொல்லிப் பாருங்கள். சம்மதித்தால் அந்த ஆறு எண்ணையும் எனக்கு எழுதுங்கள். மறுத்தால் எழுத வேண்டியதில்லை.