கப்பலோடு வரும் சின்னப் படகுகள்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

செம்பவாங்கிலும் துவாசிலும் கப்பல் பட்டறைகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் உயிர்காக்கும் லைஃப்போட்டும், அதைத் தூக்கி இறக்கும் ‘டேவிட்’ என்ற சாதனமும்தான் எனக்குச் சோறு போட்டன. பள்ளி விடுமுறை நெருங்குகிறது, டெண்டர் படகு, அதாவது தள்ளி நிற்கும் கப்பலிலிருந்து பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோகும் படகு, பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

டிசம்பரில் கோ சமுய் போகும் சொகுசுக் கப்பலில் 76 வயது அம்மாவை அழைத்துப் போகிறோம். முழங்கால் வலி. அங்கே படகில் இறங்கணுமாமே, அங்கிள்? (ஈசூன்)

ஆமாம்மா. அங்கே பெரிய கப்பல் கரையில் கட்டாது, தள்ளி நங்கூரம் போடும். கப்பலின் பக்கவாட்டில், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே ஒரு கதவு திறப்பார்கள். அங்கிருந்து படகுக்கு ஒரே எட்டு. அந்த ஓர் எட்டில்தான் சங்கதி இருக்கிறது. கப்பல் ஆடுவது உங்களுக்குத் தெரியாது. படகோ ஓர் அடி ஏறும், ஓர் அடி இறங்கும். இரண்டும் சமமாக வரும் நொடியில் ஊழியர்கள் இருவர் முழங்கைக்கு மேலே பிடித்து அனுப்புவார்கள். அவர்கள் சொல்லும்வரை அம்மா காலை எடுக்கக் கூடாது. பையை முதுகில் மாட்டிவிடுங்கள், இரண்டு கையும் காலியாக இருக்கணும். சக்கர நாற்காலியில்தான் போவார் என்றால் இப்போதே கேட்டுவிடுங்கள். நாலு படி தானாக இறங்க முடியாதவர்களைப் பல கப்பல்களில் டெண்டரில் ஏற்ற மாட்டார்கள்.

இன்னொன்று. டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தாய்லாந்து வளைகுடாவைத்தான் அடிக்கும். காற்றுப் படாத பக்கத்தில் படகு நிற்கும்படி கேப்டன் கப்பலைத் திருப்பிப் பார்ப்பார். முடியாவிட்டால் சமுய்யையே விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அவரைத் திட்டாதீர்கள். ஃபூக்கெட் தாய்லாந்துக்கு மேற்கே இருப்பதால் அதே மாதத்தில் கடல் அமைதியாக இருக்கும். தேதி மாற்ற முடியாது என்றால் ஊரை மாற்றலாமே.

டெண்டரும் லைஃப்போட்டும் ஒன்றா, வேறா? (தெம்பனிஸ்)

ஒரே வரிசையில்தான் தொங்கும். அதில் சில படகுகளுக்கு மட்டும் இரட்டை வேலை. அவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு எஞ்சின் இருக்கும், நல்ல சன்னல், அகலமான வாசல் இருக்கும். ஆனால் லைஃப்போட்டுக்கான விதி ஒன்றுகூட அதற்குத் தளர்த்தப்படாது. ஆள் நிறைந்த நிலையிலும் 6 நாட் (மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்) வேகம், 24 மணி நேரத்துக்கு எரிபொருள், கப்பல் 20 பாகை சாய்ந்தாலும் இறக்க முடிகிற டேவிட், எல்லாம் வேண்டும். உள்ளே மெத்தை இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

150 பேர் என்று எழுதியிருக்கிறது. எப்படி, அங்கிள்? (பொங்கோல்)

விதியில் ஓர் ஆளுக்கு 43 சென்டிமீட்டர் அகலம், 75 கிலோ எடை. தேக்கா வாழையிலைக் கடைகளின் வாசலில் நிற்பவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். உல்லாசமாகக் கரைக்குப் போகும்போது அதைவிடக் குறைவாகத்தான் ஏற்றுவார்கள். 150 என்பதே விதிப்படி உச்ச வரம்பு. ‘ஓயாசிஸ் ஆஃப் த சீஸ்’ வகைக் கப்பல்கள் தனி அனுமதி வாங்கி 370 பேர் படகு வைத்திருக்கின்றன.

டெண்டர் எல்லாம் கரைக்குப் போயிருக்கும்போது கப்பலில் தீப்பிடித்தால்? (உட்லண்ட்ஸ்)

நல்ல கேள்வி. வெளிநாட்டுப் பயணம் போகும் பயணிக் கப்பலில் குறைந்தது 75 சதவீதம் பேருக்கு லைஃப்போட் இருக்கணும். மீதிப் பேருக்கு ராஃப்ட், அதாவது காற்றடைத்து விரியும் மிதவை. அதற்கும் மேலே 25 சதவீதம் பேருக்குக் கூடுதல் ராஃப்ட். டெண்டர் ஓடும் நேரத்தில் பயணிகளில் பெரும்பகுதி கரையில் இருப்பார்கள். டெண்டர் அல்லாத படகுகள் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் படகில் போய் ‘ரஜூலா’ ஏறியதாகச் சொல்வார். அது கப்பலின் டெண்டரா, ஐயா? (அங் மோ கியோ)

இல்லை, அவை ஊர்ப் படகுகள். நாகையில் ஆழமான துறை கிடையாது, கப்பல் வெளிக்கடலில் நிற்கும். பெட்டி படுக்கையோடு படகில் போய்த்தான் ஏறணும். 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம்வரை நம்மவர்களை இப்படித்தான் ஏற்றி வந்தது. அதற்கும் முன்னால், துறைமுகம் வராத சென்னையில், கயிற்றால் தைத்த மசூலாப் படகுதான் அலையைத் தாண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும், தைத்தது நெளிந்து கொடுக்கும்.

இந்தப் பக்கம் சிங்கப்பூரிலும் அதே கதைதான். வெளியே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சின்னப் படகில் வந்தவர்கள் 1933 முதல் கிளிஃபர்ட் பியரில் இறங்கினார்கள். அதற்கு முன்பு ஜான்ஸ்டன் பியர், அதன் சிவப்பு விளக்கால் அறியப்பட்டது.

டைட்டானிக்கூட பிரான்சின் ஷெர்பூர்க்கில் கரையில் கட்டவில்லை. ‘நோமாடிக்’, ‘டிராஃபிக்’ என்ற இரண்டு டெண்டர்கள் துறைமுகத்திலேயே இருந்தன. நோமாடிக் இன்றும் பெல்ஃபாஸ்டில் நிற்கிறது. அந்தக் காலத்தில் டெண்டர் என்றால் துறைமுகத்திலேயே கிடக்கும். கப்பலே சுமந்து திரிவது பிறகு வந்த வழக்கம்.

‘குவீன் மேரி 2’ படகுகள் ஏன் அவ்வளவு மேலே தொங்குகின்றன? (கப்பல் பைத்தியம், பிடோக்)

அது சொகுசுக் கப்பல் போல இருந்தாலும் அட்லாண்டிக் கடலைக் கடந்து ஊருக்கு ஊர் ஆள் ஏற்றிப் போகக் கட்டிய லைனர். அங்கே அலை படகையே பிய்த்துவிடும் என்று, தனி அனுமதி பெற்று, தண்ணீரிலிருந்து சுமார் 25 மீட்டர் உயரத்தில் வைத்தார்கள். 1961இல் வந்த ‘கான்பெரா’ நேர் எதிர்: படகுகளைத் தளம் தளமாகக் கீழே இறக்கி உடலுக்குள் பதித்தது. இப்போதைய சொகுசுக் கப்பல்கள் எல்லாம் கான்பெராவின் பேரப்பிள்ளைகள்.

அண்ணே, டேவிட் வேலைக்குக் கூப்பிடுறாங்க. ஆபத்தான வேலையா? (துவாஸ் விடுதி)

மறைக்க மாட்டேன் தம்பி, ஆபத்துதான். 2013 பிப்ரவரியில் கேனரித் தீவுகளில் ‘தாம்சன் மெஜஸ்டி’ கப்பலில் பயிற்சியின்போது கம்பிவடம் அறுந்து படகு கவிழ்ந்து ஐந்து ஊழியர்கள் இறந்தார்கள். மேல் கப்பியின் மீது கிடந்த பகுதி துருவேறி இருந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வடத்தை மாற்றியே ஆகணும் என்பது விதி. ஆனால் மூன்றாம் ஆண்டிலேயே செத்துப்போன வடத்தை நான் பார்த்திருக்கிறேன். வெளியே கிரீஸ் பளபளக்கும். ஆணியால் இழையைப் பிரித்தால் உள்ளே செம்பழுப்புப் பொடி கொட்டும். கப்பி மேல் கிடக்கும் அந்த ஒரு முழத்தை ஏறிப் போய்ப் பார். ஃபோர்மன் அவசரப்படுத்தினாலும் பார். தொங்கும் படகில் ஏறுவதற்கு முன், வடம் அறுந்தாலும் படகைப் பிடித்து நிறுத்தும் தாங்குபட்டை மாட்டியிருக்கிறதா என்று கேள், கேட்பதற்குக் கூச்சப்படாதே.

சிங்கப்பூரில் டெண்டர் ஏறிப் பார்க்க முடியுமா?

முடியாது. ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துக்கு வர முடியாதபடி கேபிள் கார் கம்பி தடுத்த உயரமான கப்பல்களும் 2012 முதல் மரினா பே நிலையத்தில் நேராகக் கட்டிவிடுகின்றன. குசுத் தீவுக்குப் போவது வெறும் ஃபெரி.

லைஃப்போட்டுக்குள் தூண்டில் இருக்குமாமே, உண்மையா? (தொடக்கநிலை 5 மாணவர், அப்பா வழியாக)

உண்மைதான் கண்ணு. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், கட்டி ரொட்டி, வாந்தி மாத்திரை, அதோடு மீன்பிடிச் சாமான் ஒரு செட். படகு படகாகப் பெட்டியைத் திறந்து எண்ணியிருக்கிறேன். எல்லாத் தூண்டிலும் உறை பிரிக்காமல்தான் இருந்தன.