கன்று ஈன்ற மாடு முதுகைக் கூனி நிற்கிறது, பால் பாதியாகிவிட்டது

கேள்வி: பெங்களூரு ஹொரமாவில் நான்கு மாடு வைத்திருக்கிறோம். பக்கத்தில் அபார்ட்மெண்ட் கட்டுகிறார்கள். கே.ஆர். புரம் சந்தைக் காய்கறிக் கழிவும் தீவனமாகப் போடுகிறோம். கன்று ஈன்று மூன்று வாரம் ஆன எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடு, 14 லிட்டர் கறந்தது, இரண்டே நாளில் 6 லிட்டருக்கு வந்துவிட்டது. அசை போடவில்லை. முதுகைக் கூனி நிற்கிறது. படுக்கும்போது முனகுகிறது. வயிற்று மந்தம் என்று நல்லெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: எண்ணெய் வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாடு கம்பியையோ ஆணியையோ விழுங்கியிருக்கும் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கம்பி குத்தியிருந்தால் எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது புரை ஏறி நுரையீரலுக்குள் போனால் அது வேறு ஆபத்து.

ஆடு இலையைப் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கைச் சுழற்றி வாரி, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். அப்படி உள்ளே போகும் கனமான இரும்பு, தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும் இரண்டாவது வயிற்றில் தங்கிவிடுகிறது. அந்த வயிறு சுருங்கச் சுருங்கக் கம்பி முன்னால் குத்திக்கொண்டு போகும். முன்னால் இருப்பது உதரவிதானம், அதைத் தாண்டினால் இதயம். சினை நிறைந்த வயிறு அழுத்துவதாலும், ஈனும்போது முக்குவதாலும், அதுவரை சும்மா கிடந்த கம்பி ஈன்ற சமயத்தில் குத்துவது உண்டு.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். திமில் இருக்க வேண்டிய இடத்தில், தோள்களுக்கு நடுவே தோலைப் பிடித்து அழுத்துங்கள். நல்ல மாடு முதுகைக் கீழே தாழ்த்தும். வலி உள்ள மாடு தாழ்த்தாது, முனகும். முழங்கைகளை வெளியே அகட்டி நிற்கிறதா, சரிவில் இறங்கத் தயங்குகிறதா என்றும் கவனியுங்கள். தெர்மாமீட்டர் வைத்தால் 103, 104 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டலாம்; சாதாரணமாக 101.5 இருக்கும். ஈன்ற சில வாரங்களில் பால் குறைய, கறக்கும் பாலுக்குத் தீனிச் சத்து போதாமல் வரும் கீட்டோசிஸ் என்ற இன்னொரு காரணமும் உண்டு. அதில் பொதுவாகக் காய்ச்சல் இருக்காது, மூச்சில் ஒரு இனிப்பு வாடை அடிக்கும், அதற்கு வைத்தியமும் வேறு. இரண்டில் எது என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கே 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழையுங்கள். ஸ்கேன், எக்ஸ்ரே, அறுவை என்று வந்தால் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அதிக தூரமில்லை. ஆனால் டாக்டர் சொல்லாமல் மாட்டை வண்டியில் ஏற்றாதீர்கள், நடத்தியும் கூட்டிப் போகாதீர்கள். அதுவரை முன்னங்கால் பக்கம் 15, 20 செ.மீ. உயரமாக இருக்கும்படி மேடை போட்டு, ஒரே இடத்தில் கட்டுங்கள். பலகை ஆடாமல் இருக்கட்டும்.

ஆரம்பத்திலேயே பார்த்தால் பெரும்பாலும் விரல் நீளக் காந்தம் ஒன்றை வாய்வழியாக உள்ளே செலுத்தி, ஆன்டிபயாட்டிக் போட்டு, ஓய்வில் வைப்பார்கள். காந்தம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆயுள் முழுக்க உள்ளேயே கிடக்கும். மூன்று, நான்கு நாளில் தேறவில்லை என்றால் இடது விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, நிற்க வைத்தே வயிற்றைத் திறந்து கையால் தேடி எடுப்பார்கள். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் நேரத்தில் செய்தால் மாடுகள் நன்றாகத் தாங்கும். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்து, அலைதாடியில் நீர் கோத்துவிட்டால் மட்டும் கம்பி இதயத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அறுவைக்குச் செலவு செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

மற்ற மூன்று மாடுகளுக்கும் டாக்டரிடம் சொல்லி இப்போதே காந்தம் போட்டுவிடுங்கள். ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஆகாது, அதன் விளிம்பே கிழித்துவிடும். காந்தம் இரும்பை மட்டும்தான் பிடிக்கும். செம்புக் கம்பி, பிளாஸ்டிக் கவருக்கு அது பயனில்லை. சந்தைக் கழிவை மூட்டையோடு கொட்டாமல் தரையில் பரப்பி, முடிச்சுப் போட்ட கவர்களைப் பொறுக்கிவிட்டுப் போடுங்கள். முதல் வயிற்றில் பந்தாகச் சுருண்ட பிளாஸ்டிக்கை எந்த மருந்தும் கரைக்காது, அதுவும் அறுவையில்தான் போய் முடியும். கட்டடக்காரர்கள் வெட்டிப் போடும் கட்டுக்கம்பித் துண்டுகள் உங்கள் புல் கட்டில் ஒட்டி வரலாம் என்பதால், அந்த வேலி ஓரத்தில் இனிமேல் புல் அறுக்க வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக் போட்டால் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று டாக்டரிடம் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.