மங்குக்கும் பரு போன இடத்துக் கருமைக்கும் எந்த ரசாயனம் உண்மையில் வேலை செய்யும்?

ஹைட்ரோகுவினோனில் தொடங்குகிறேன், கேட்பவர்கள் எல்லோரும் கடைசியில் அதில்தான் வந்து நிற்கிறார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியை அது தடுக்கிறது. மங்குக்கு 4 சதவீத க்ரீம் நன்றாகவே கேட்கும். 1975-ல் க்ளிக்மன், வில்லிஸ் என்ற தோல் மருத்துவர்கள் அதோடு ட்ரெட்டினோயின் என்ற வைட்டமின் ஏ வகை மருந்தையும் ஒரு ஸ்டீராய்டையும் சேர்த்தார்கள். இன்றைய மூன்று மருந்துக் கலவை க்ரீம்கள் அதன் வாரிசுகள்.

தொல்லை என்னவென்றால், முகம் தெளிந்ததும் யாருக்கும் நிறுத்த மனம் வராது. மருத்துவரை மறுபடி பார்க்காமல் அந்தக் கலவை க்ரீமையே வாங்கிப் பூசிக்கொண்டிருந்தால் ஸ்டீராய்டு தோலை மெலியவைத்துவிடும். மெல்லிய சிவப்பு ரத்தக்குழாய்கள் தெரியும், பரு கிளம்பும். ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் போட்டால் ஓக்ரோனோசிஸ் என்ற நீலக் கருமை வரலாம். அதைப் போக்குவது மங்கைவிடக் கடினம். அதனால்தான் சில மாதங்களில் நிறுத்தச் சொல்கிறார்கள். அமெரிக்காவிலும் 2020 முதல் மருந்துச் சீட்டு இல்லாமல் ஹைட்ரோகுவினோனை விற்கக் கூடாது.

என் பருத் தழும்புக் கருமைக்கு மருத்துவர் கொடுத்தது அசெலாயிக் அமிலம். என் ஓட்டும் அதற்குத்தான். தேமலை உண்டாக்கும் பூஞ்சை இதே அமிலத்தைத் தயாரிக்கிறது. தேமல் ஏன் வெளிறுகிறது என்று ஆராயப் போய்த்தான் இதன் குணம் தெரியவந்ததாம்! அளவுக்கு மீறி வேலை செய்யும் நிறமிச் செல்களையே இது குறிவைக்கும், சாதாரணத் தோலை அவ்வளவாகத் தொடாது. பருவையும் அடக்கும். கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறார்கள். ஆரம்பத்தில் அரிக்கும், எரியும். பலன் தெரிய மாதங்கள் ஆகும், அவசரக்காரர்களுக்குச் சரிவராது.

நியாசினமைடு (வைட்டமின் பி3-யின் ஒரு வடிவம்) மெலனின் உற்பத்தியைத் தடுப்பதில்லை, உண்டான மெலனின் மேல்தோல் செல்களுக்குப் போய்ச் சேருவதைக் குறைக்கிறது. சாது, ஆனால் பலம் குறைவு. கோஜிக் அமிலம் சிலருக்கு ஒவ்வாமை தரும். ட்ரானெக்ஸாமிக் அமிலம் உண்மையில் ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து. மாத்திரையாக மங்குக்கு நன்றாக வேலை செய்கிறது, ஆனால் ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்களுக்கு ஆகாது. மருத்துவரைக் கேட்காமல் விழுங்க வேண்டாம்.

அப்புறம், சன்ஸ்க்ரீன் இல்லாமல் இதில் எதைப் பூசினாலும் வீண். மாநிறத் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கிளப்பிவிடும். நிறமில்லாத சன்ஸ்க்ரீன்கள் பெரும்பாலும் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.